படத்தில் அம்மா பேசினாள்

எனக்கு மூன்று வயதாகும்போதே அம்மா இறந்துவிட்டாள். மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றி அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஆவணப்படம் எடுத்திருந்தார். அதில் அம்மா பேசியிருக்கிறாள் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அந்தக் குரலை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று ஏங்கியே வளர்ந்தேன்.

போன வருடம் அந்த வெள்ளைக்காரர் காலமானார். அவருக்கு அஞ்சலியாக, அவருடைய தமிழ் மாணவி ஒருத்தி எங்கள் தோட்டத்து மண்டபத்திலேயே படத்தைத் திரையிட்டாள். அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

அம்மா திரையில் வந்தாள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி பேசத் தொடங்கினாள். உதடுகள் அசைந்தன. ஆனால் கேட்டதெல்லாம் அந்த வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொன்ன விளக்கம்தான்.

"என்னம்மா சொல்றா அவ? எனக்குக் கேக்கல லா," என்றார் அப்பா.

படம் முடிந்ததும் மாணவியிடம் போனேன். "எங்கம்மா பேசுன சத்தம் மட்டும் தனியா இருக்குமா மிஸ்?"

"அந்த டேப்பெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சுக்கா. நானே போட்டுப் பாத்தேன். இரைச்சல்தான் வருது," என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

பிறகு எல்லாரும் அந்த மனிதருக்காக எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். நானும் நின்றேன். கோபப்படவும் முடியவில்லை. அம்மாவின் முகத்தை எனக்குக் காட்டியவர் அவர்தானே.

வீட்டுக்குப் போகும் வழியில், அம்மா என்ன சொன்னாள் என்று அப்பா மறுபடியும் கேட்டார். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அம்மா எப்படிப் பேசுவாள் என்றே எனக்குத் தெரியாதே.