மலிவு வீட்டுக்கு நான் நிரப்பிய பாரங்கள்

மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணி போல வாடையடித்த அந்தக் கைநாட்டு ஊதா மை, பொதுத்தேர்தலுக்கு முந்தைய பள்ளி விடுமுறை முழுவதும் என் விரல்களை விட்டுப் போகவே இல்லை. மலேசியாவின் கிள்ளான் ஆற்றோரத்தில், பட்டா இல்லாத குடியிருப்பான எங்கள் கம்பத்தில், ஆறாம் வகுப்புப் பெண்ணான என்னை வாசல் பெஞ்சில் உட்கார வைத்து, அத்தனை குடும்பங்களின் ‘பாரம்’ எனும் விண்ணப்பப் படிவங்களையும் நிரப்பச் சொன்னவர் அப்பா. லோரி ஓட்டுநரான அவர் கட்சிக் கிளையின் செயலாளரும்கூட. மலாய் சரளமாகப் பேசுவாரே தவிர படிக்க வராது.

தார் ரோடோ தண்ணீர்க் குழாயோ, எதுவாக இருந்தாலும் அந்த ஒரே கட்சியின் கையால்தான் வரவேண்டும், அதுவும் தேர்தல் நெருங்கினால்தான் வரும் என்றிருந்த காலம் அது. “இந்தப் பாரத்த நிரப்பிக் கொடுத்தா கவர்மெண்டு மலிவு வீடு ஷுவர் லா, நான் இருக்கேன்ல!” என்று கிளைத் தலைவர் அப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அப்பா பூரித்துப் போனார், பாவம்.

கைநாட்டு வைக்க வந்தவர்கள் ஆசைகளோடு வந்தார்கள். முட்டிவலிக்காரரான பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா, “பாப்பா, கீழ் வீடுதான் வேணும்னு எழுதும்மா, படி ஏற முடியாது” என்றார். இன்னொருவர் தையல் மிஷினுக்கு ஜன்னலோரம் கேட்டார். எல்லாவற்றையும் ஓரத்தில் மலாயில் அழகாக எழுதினேன். தலைப்பில் ‘கட்சி உறுப்பினர் விண்ணப்பம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்ததையும், வீடு என்ற பேச்சே அதில் எங்கும் இல்லாததையும் நான் பார்க்காமல் இல்லை; பெரியவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அத்தனை புது உறுப்பினர்களைக் கணக்குக் காட்டிக் கிளைத் தலைவர் தொகுதித் தலைவரானார். மறுவருடம் கம்பத்தை இடிக்கப் புல்டோசர் வந்தது. கட்சி அலுவலகத்துக்கு ஓடிய அப்பாவிடம், “அண்ணே, இது மெம்பர் பாரம் லா. வீட்டுக்கு வேற பாரம், தெரியாதா?” என்று அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி சிரித்தாராம். வீட்டுக்கு வந்த அப்பா, “தலைப்பைப் படிச்சியாம்மா?” என்று மட்டும் கேட்டார். படித்தேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செல்லம்மா அக்காவுக்குக் கிடைத்தது, லிப்ட் இல்லாத நாலாம் மாடியில் ஒரு வாடகை வீடு. அவர் அதிகம் கீழே இறங்கியதில்லை. கடைசியில் நாலு பேர் சேர்ந்துதான் இறக்கினார்கள்.

இன்று கம்பம் இருந்த இடத்தில், வாசலில் காவலாளி நிற்கும் அடுக்குமாடி. அசைக்கவே முடியாதென்றிருந்த ஆட்சியும் போய்விட்டது. அந்தத் தலைவர் மட்டும் டத்தோ பட்டம் வாங்கி, வேறு கட்சிச் சட்டையில் மாலை வாங்கிக்கொண்டிருக்கிறார், வெட்கங்கெட்ட மனுஷன்!

போன வாரம், பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். “அம்மா, மெக்சிகோல ஒரே கட்சி எழுபது வருஷம் ஆண்டிருக்கு. நிலம் தரோம், அது தரோம்னு சொல்லியே ஜனங்களக் கையில வச்சிருந்திருக்காங்க. படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கூடவா அங்க இல்ல?”

“இருந்திருப்பாங்க” என்றேன். “கேட்டவங்களுக்கெல்லாம் அழகா எழுதிக் கொடுத்திருப்பாங்க.”