சத்தத்தை எடுத்துவிட்டேன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் விசேஷ வீடியோ என்றால் மேலே சினிமாப் பாட்டுதான் ஓடும். ஆட்கள் பேசுவதை யார் கேட்கப் போகிறார்கள்? அந்த நினைப்பில், ஸ்டுடியோவில் ஹார்ட் டிஸ்க் நிறைந்தபோது பழைய கோப்புகளை எல்லாம் எச்.265 என்ற வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கினேன். இடம் இன்னும் மிச்சமாகட்டும் என்று சத்தத்தை எடுத்துவிட்டு, அசலையும் அழித்தேன்.

கொஞ்ச நாளில் வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் மகளின் காதுகுத்தை நான்தான் எடுத்திருந்தேன். ஜீப் ஓட்டிய அவள் கணவர் இறந்துவிட்டார், மறுநாள் காரியம்.

"பாட்டு போட்ட வீடியோ வூட்ல இருக்குதுங்க. அவரு பேசுனது வேணும். பாப்பாவுக்கு மூணு வயசு, அப்பா கொரலு மறந்துடும்ங்க."

ஒவ்வொரு கோப்பாகத் திறந்தேன். அவர் சிரிக்கிறார், வாயசைக்கிறார், ஒரு சத்தமும் இல்லை.

"இன்னாங்க, ஸ்பீக்கரு கெட்டுப்போச்சா?"

"சித்த சும்மா இரும்மா!" என்று எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது, கோபம் அவள் மேல்.

ஒரே ஒரு கோப்பு மிச்சமிருந்தது. அன்று கேமராவில் செட்டிங் மாறிப்போய், பத்து பிட் என்ற கனமான வகையில் பதிவானது. என் கிராபிக்ஸ் கார்டு அந்த வகையைத் தொடாது, எர்ரர் காட்டி நிற்கும். அதனால் படத்திலும் சேர்க்கவில்லை, சுருக்கவும் முடியவில்லை. திறந்தால் கம்ப்யூட்டரே உறைந்துவிடும். அதில் அவர் இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

மணி இரண்டு பத்து. மூன்று மணி பஸ்ஸில் அவள் மலையேற வேண்டும். கார்டை விட்டுவிட்டு, மெதுவாக ஓடும் பழைய பிராசசரையே நம்பி, அவர்கள் டிவியில் ஓடும் எச்.264-க்கு மாற்றப் போட்டேன். படம் மங்கினால் மங்கட்டும் என்று அளவையும் குறைத்தேன்.

மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தும் வேர்த்துக் கொட்டியது. "பாட்டு போடப் போறோம்னு சத்தத்த எடுத்துட்டேம்மா. இதுல இருந்தாதான் உண்டு" என்றேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அறுபது சதவீதத்தில் கரண்ட் போனது. பாழாய்ப்போன யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி பத்து நிமிடம் தாங்கினால் பெரிது. எண்பது. தொண்ணூறு.

முடிந்ததும் போட்டேன். கூட்டத்தையும் சடங்கையும் ஓட்டிக்கொண்டே போனேன், கடைசியில் தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டது. பக்கத்தில் நின்ற அவள் கணவர் என் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"யோவ், லைட்ட எறக்குய்யா! புள்ளைக்கு கண்ணு கூசுது, அழுதுக்கினு இருக்குது பாரு!"

அவ்வளவுதான். பிறகு படம் தரையைக் காட்டி நின்றுவிட்டது. நான்தான் முறைத்துக்கொண்டு கேமராவை அணைத்திருப்பேன்.

"இன்னொரு தபா போடுங்க" என்றாள்.

போட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பென்டிரைவைக் கையில் கொடுத்தபோது, "பாப்பாவுக்காவ திட்டிக்கினு இருக்காருங்க" என்றாள்.

அந்தத் திட்டை வாங்கியவன் நான்தான். அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.