பத்திரத்தில் பாதி விலை

பத்திரம் எழுதுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வாங்கினவரும் விற்றவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாலும், எழுதினவனுக்குக் கூலி வந்துவிடும். அறுபதுகளில் காஞ்சிபுரத்துப் பதிவு அலுவலகம் ஒன்றுக்கு எதிரே கொட்டகை போட்டு அந்தக் கூலியை வாங்கினவன் நான். அதற்கு முன்பு ஒரு நாளிதழுக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே பத்துக் குடிசை எரிந்தாலும் நாலு வரிதான். இங்கே பக்கக் கணக்கில் கூலி. ஆகையால் வற்றிப்போன கிணறு ஒன்று மட்டும் இருக்கிற வீட்டுக்கும், அதன் புதையலும் பாறையும் மரமும் நீரும் சந்திரன் சூரியன் உள்ளவரை உமக்கே என்று முக்கால் பக்கம் எழுதுவேன். வீடு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்கள் மன்னிக்க வேண்டும். அந்த முக்கால் பக்கத்துக்கும் காசு கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

கெடு

ஏகாம்பரமும் அவர் மனைவி சரோஜாவும், தாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டையே வாங்க வந்தார்கள். கூடத்தில் குழி வெட்டித் தறி இறக்கி, பத்து வருஷமாக அங்கேதான் பட்டு நெய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் வாலாஜாபாத்தில் ரைஸ்மில் வைத்திருந்தவர். விலை ஆறாயிரம். அவர்களிடமும் சரியாக ஆறாயிரம்தான் இருந்தது. பக்கத்துத் தெரு லாட்ஜுக்காரர் ஐந்நூறு அதிகம் தரத் தயாராக நின்றார். கெடு தவறி வீடு அவர் கைக்குப் போனால் இவர்கள் தறியைப் பிரித்துக்கொண்டு தெருவுக்கு வர வேண்டியதுதான். தறி போட இடம் கொடுக்கிற வீடு லேசில் கிடைக்காது.

அட்வான்ஸ் ஒப்பந்தம் எழுதும்போது, மீதிப் பணம் கொடுத்துப் பத்திரம் பதிய எத்தனை நாள் கெடு என்று கேட்டேன். தறியில் புதிதாக ஏறியிருக்கிற பாவு, அதாவது மூன்று புடவைக்கான நீள இழைகள், நெய்து முடிகிறவரை என்றார் சரோஜா. தேதி போடுவது நல்லது என்றேன். மில்காரருக்கு நெசவு தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறவர் இல்லை. “காலண்டரு எதுக்கு ரைட்டரே? பாவு கண்ணு முன்னால இருக்குது. அதையே எழுதுங்க.”

மேல்செலவு

அட்வான்ஸ் கைமாறின பிறகுதான் மேல்செலவைச் சொன்னேன். முன்பே சொன்னால் யாரும் வீடு வாங்க மாட்டார்கள் என்பது எங்கள் தொழில் அனுபவம். ஸ்டாம்பு பேப்பர், பதிவுக் கட்டணம், வில்லங்கம் பார்க்கிற செலவு, மில்காரர் தொலைத்துவிட்ட மூலப் பத்திரத்துக்கு நகல், என் எழுத்துக் கூலி, சாட்சி இரண்டு பேருக்குச் சாப்பாடு. எல்லாம் சேர்ந்து அறுநூறைத் தாண்டியது. அவர்களிடம் அதற்கு ஒரு காசும் மிச்சமில்லை.

வில்லங்கம் பார்ப்பது என்றால் என்ன என்று சரோஜா கேட்டார். வீட்டின்மேல் வேறு யாருக்காவது அடமானமோ பாத்தியதையோ இருக்கிறதா என்று அலுவலகப் புத்தகங்களில் தேடுவது என்றேன். ஏதாவது இருந்தால் தேடின காசு திரும்புமா என்றார். திரும்பாது என்றேன். “இல்லாததத் தேடறதுக்கும் நாங்க குடுக்கணும், இருந்துட்டா அதுக்கும் நாங்கதான் அழுவணும். விக்கறவரு இதுல எதுக்குப்பா காசு குடுக்கறாரு?”

மருந்து

இந்த நோய்க்கு எங்கள் கொட்டகையில் மருந்து இருந்தது. ஆறாயிரம் கொடுத்துவிட்டு மூவாயிரம் என்று எழுதினால் ஸ்டாம்பும் கட்டணமும் பாதியாகிவிடும். ஊரே அப்படித்தான் எழுதிக்கொண்டது. என் வீடும் அதே தெருதான். என் பத்திரத்திலும் பாதி விலைதான், நானே எழுதியது. மில்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மீதி மூவாயிரம் வருமான வரிக்காரர் கண்ணில் படாது. ஏகாம்பரமும் சரி என்றுவிட்டார்.

சரோஜா மட்டும் மசியவில்லை. ஜவுளிக் கடையில் நெசவாளிக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார்கள், எடையைச் சீட்டில் ஏற்றுவார்கள், புடவையையும் நிறுத்தே வாங்குவார்கள். மிச்ச நூலை ஒருமுறை சீட்டில் ஏற்றாமல் வாய்ப்பேச்சாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் விலையைக் கூலியில் பறிகொடுத்தவர் அவர். நான் ஊர் வழக்கத்தை அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். “நாளைக்கு எவனாவது பங்கு கேட்டு வந்து வூடு கைய வுட்டுப் போச்சுன்னா, மூவாயிரத்த வாங்கிக்கினு போம்மான்னு சொல்லுவாங்க. மீதிய உங்க வூட்ல வந்தா கேக்கறது, ரைட்டரே?”

கோர்வை

முழு விலை எழுதுவதென்றால் மேல்செலவுக்கு ஒரே வழி, சரோஜா கட்டிவந்த ஏலச்சீட்டு. அதை எடுக்க இன்னும் இரண்டரை மாதம் ஆகும். பாவோ ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். அன்றிலிருந்து அந்தத் தறியில் நாளொன்றுக்கு ஒரு சாணுக்கு மேல் நெசவு நடக்கவில்லை.

மில்காரர் திங்கட்கிழமை தவறாமல் பஸ்ஸில் வந்து தறியைப் பார்த்துவிட்டுப் போனார். ஏன் இத்தனை மெதுவு என்று கேட்டதற்கு, இது கோர்வை, உடலையும் கரையையும் தனித்தனி நாடாக் கட்டையில் ஓட்டி வரிக்கு வரி கோக்க வேண்டும் என்று சரோஜா பாடம் நடத்தினார். தறியில் இருந்ததோ சாதாரணக் கரை. புடவை வராததால் கூலியும் வரவில்லை; அந்த வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. பக்கக் கணக்கில் கூலி வாங்கிய நான், நெசவின் வேகத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எட்டாவது திங்கட்கிழமை மில்காரர் என் கொட்டகையில் வந்து உட்கார்ந்தார். “என் மில்லுல நெல்லு இந்த வேகத்துல அரைஞ்சா வாலாஜாபாத்தே பட்டினி கிடக்கும்.”

தேங்காய்த் தண்ணீர்

தறியில் இரண்டு முழம் மிச்சம் இருந்தபோது சீட்டு கைக்கு வந்தது. சரோஜா பெயரில் ஸ்டாம்பு பேப்பர் வாங்கினார்கள். அதைக் கோயிலில் வைத்து எடுத்துவருகிறேன் என்று ஏகாம்பரம் கிளம்பினார். இந்த ஊரில் இதைத் தடுக்க யாராலும் முடியாது. அர்ச்சகர் தேங்காய் உடைத்த தட்டிலேயே பேப்பரும் இருந்ததால், முதல் தாளில் ஸ்டாம்பு விற்கிற வெண்டர் எழுதிக் கொடுத்த பெயரும் தேதியும் கரைந்து ஓடிவிட்டன.

அந்தத் தாள் செல்லாது. எனக்கென்று அவர்கள் எடுத்துவைத்திருந்த எழுத்துக் கூலி புதிய தாளுக்குப் போயிற்று. தானமாக அல்ல, கடனாகத்தான் விட்டேன். அன்று பிற்பகலே முழு ஆறாயிரத்துக்குப் பத்திரம் பதிவாயிற்று. மறுதாள் விற்றபோது வெண்டர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அடுத்த வாட்டி வெத்துப் பேப்பர எடுத்துக்கினு போப்பா. சாமி ஸ்டாம்பெல்லாம் பாக்க மாட்டாரு.”

நகல்

எழுபதுகளில் தெருவை அகலப்படுத்த, ஒவ்வொரு வீட்டின் முன்புறத்திலும் ஆறடி எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் வந்தது. நஷ்ட ஈடு அவரவர் பத்திரத்தில் உள்ள விலைப்படி. சரோஜாவுக்கு முழுசாக வந்தது. மற்ற எல்லோருக்கும் பாதி. நிஜ விலை இது இல்லை என்று மனு கொடுக்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும். தெரு முழுவதற்கும் இருந்த ஒரே ஆதாரம் சரோஜாவின் பத்திரம்.

அதன் நகலுக்கு மனுப் போட, பதிவு அலுவலகத்தில் வரிசை நின்றது. முழு விலை எழுதினதற்காக அவரைப் பைத்தியம் என்று சிரித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். நான் மூன்றாவது ஆள். கடையில் பட்டு வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்த சரோஜா நின்று பார்த்தார். என்ன கூட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவர் வரிசையை ஒருமுறை தலைமுதல் வால்வரை எண்ணினார். “அன்னிக்கு நான் கட்டின ஸ்டாம்பு காச ஆளுக்குக் கொஞ்சமாப் போட்டுக் குடுத்துடுங்கப்பா. அவசரம் இல்ல, புதுப் பாவு ஏத்தியிருக்கறேன். அது முடியறவரைக்கும் கெடு.”

பன்னிரண்டு வருஷத்தில் நான் எழுதிய பத்திரங்களில் நிஜ விலை இருந்தது அந்த ஒன்றில்தான். அதற்கு வர வேண்டிய கூலியைத்தான் இன்றுவரை என்னால் வாய் திறந்து கேட்க முடியவில்லை.