பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு வெடிப்பு

2003 இல் நோர்வேயில், குறொன்லாண்ட் பகுதியில் நாங்கள் கடைக்கு எடுத்த கட்டடம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. அரசு பாதுகாக்கும் கட்டடம். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அனுமதி வேண்டும், மீறினால் வெளியேற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பலகைக்கு இவ்வளவு மரியாதையா?

வெள்ளிக்கிழமை காலை திறப்பு. முதல்நாள் பின்னேரம் என் கணவர் சாமான் ஏற்றப் போயிருந்தார். பிள்ளையார் படம் கிழக்கே பார்க்கவேண்டும். அதற்குத் தோதாக இருந்தது பழைய பலகை அடித்த சுவர் ஒன்றுதான். படத்தை மேசையில் சாத்தி வைத்திருக்கலாம். என் அவசரப் புத்தி விடவில்லை. சுத்தியலால் இரண்டு போடு போட்டேன். பலகை ஒரு முழத்துக்கு வெடித்தது. படத்தைக் கொளுவி வெடிப்பை மறைத்தேன்.

சாமானோடு திரும்பி வந்த கணவர் படத்தைப் பார்த்தார். "ஆணி அடிச்சனீரோ?"

"இல்லை, முந்தியே இருந்த ஆணி."

மறுநாள் ஒன்பது மணிக்குக் கட்டடத்துச் சொந்தக்காரர், மாநகரசபைப் பெண் அதிகாரி ஒருவருடன் வந்து நின்றார். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் தடவினாள், கூரையை அண்ணாந்து பார்த்தாள், கடைசியில் படத்தடிக்கு வந்தாள். அழகான படம் என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள்.

சொந்தக்காரரின் முகம் சிவந்தது. "யார் இதைச் செய்தது?"

நான் பால் சட்டிப் பக்கம் திரும்பினேன். எட்டு வருடம் நாங்கள் இருவரும் ஹோட்டலில் கட்டில் விரித்துச் சேர்த்த காசில் எடுத்த கடை. பக்கத்தில் நின்ற கணவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "நான்தான். மனைவி வேண்டாமென்று சொன்னவள்."

அவர்கள் வெளியே போய்க் கதைத்தார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நாங்கள் இருவரும் அசையவில்லை. திரும்பி வந்து, இந்த ஒருமுறை விடுகிறோம், தாங்கள் சொல்லும் தச்சனே பலகையைத் திருத்தவேண்டும் என்றார்கள். எச்சரிக்கைக் கடிதம் பிறகு கணவர் பெயருக்கு வந்தது.

அன்று அவர்கள் போனதும் கணவர், "பால் பொங்கிட்டுது, வாரும்," என்றார். ஆணியைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

சொந்தக்காரர் கடைக்கு வரும்போதெல்லாம், "உன் கணவன் கையில் சுத்தியலைக் கொடுத்துவிடாதே," என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். கல்லாவில் இருந்து கணவரும் சிரிப்பார். ஐந்து வருடமாக நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.