அடிபம்பு வாஷருக்குள் ஒரு பாடப்புத்தகம்

உத்திரமேரூரில் மோட்டார், பைப்பு விற்கும் பாய் கடையில் பில் போடுவது என் வேலை. குரூப் ஃபோர் தேர்வுக்கு நான் படிப்பது பாய்க்குத் தெரியாது. தெரிந்தால், எப்படியும் போகப்போகிறவள்தானே என்று வேறு ஆளைத் தேடிவிடுவார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே என் சம்பளத்தில்தான்.

கடை கம்ப்யூட்டரின் பில்லிங் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு சரக்கோடும் அதன் விளக்கப் புத்தகத்தைச் சேர்த்து வைக்கலாம். திறந்தால், கடைசியாகப் பார்த்த பக்கத்திலேயே வந்து நிற்கும். யாரும் கேட்காத சரக்கு அடிபம்பு வாஷர். அதற்குள் என் பாடப்புத்தகத்தைப் போட்டுவைத்து, ஆள் வராத நேரத்தில் படிப்பேன்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால், ஆறுகள் பாடத்தில் விட்ட புத்தகம் அரசியலமைப்புப் பாடத்தில் நிற்கிறது. ஏதோ கோளாறு என்று பழைய இடத்துக்கே போய்ப் படித்தேன். மறுநாளும் அப்படியே. யாரோ இதைத் திறக்கிறார்கள். பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்து வாங்குகிற சந்தேகக்காரி நான்.

மதியம் நான் பின்கட்டில் சாப்பிடும்போது கடையில் இருப்பது பாயும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும். அக்கா கம்ப்யூட்டரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அப்படியானால் பாய்தான். அந்த வாரம் பார்த்து, "இன்னாம்மா, இங்க வேல புடிச்சிகீதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் வேறு. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பைப்புக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். என் நாற்காலியில் அக்கா, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தினம் என் பக்கத்த மாத்தறது நீங்கதானா அக்கா?"

திடுக்கிட்டவர், என்னைவிடக் கோபமாகத் திரும்பினார். "நீதான் என்ன பின்னாடியே தள்ளிவுட்டுக்கினு கீற! ஒரு நாள் வெல பாக்கசொல்ல இந்தப் புக்கு கண்ணுல பட்டுச்சி. நானும் அவருக்குத் தெரியாம பரீச்ச எழுதலாம்னு கீறேன். அது புடிக்காம நீ வேணும்னே பண்றியோன்னு நெனச்சேன்."

இத்தனை நாளும் அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அதே புத்தகத்தை வேறொரு ஓடாத சரக்கிலும் சேர்த்துக் கொடுத்தேன். இனி அவர் விட்ட இடம் அவருக்கு, நான் விட்ட இடம் எனக்கு.

"இத நீ தொறக்க மாட்டியே?" என்றார். மாட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"பாய்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. வேல பூடும்."

"உனக்கு வேலதான் பூடும்," என்றார். "எனக்கு?"

வாசலில் பாயின் வண்டி வந்து நின்றது. எங்கள் இருவர் கைகளும் ஒரே நேரத்தில் மவுஸுக்குப் பாய்ந்தன.