வாடிக்கையாளரும் அவரே, ஊழியரும் அவரே

எங்க வீட்டுக்காரரைக் கெட்டவர்னு யாரும் சொல்லிட முடியாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்தவங்க பொருள்ல ஒரு குண்டூசி எடுத்தது கிடையாது. ஆனா அடுத்தவங்க போன் விவரம்னா மட்டும் மனுஷனுக்குக் கை அரிக்கும்.

டெலிபோன் கம்பெனியில இருபத்திரெண்டு வருஷமா வேலை. மூணாவது மாடியில வாடிக்கையாளர் பதிவுப் பிரிவு. ஜன்னல் இல்லாத ரூம், அஞ்சு கம்ப்யூட்டர். நம்பரைத் தட்டினா பேரு, விலாசம், யார்கிட்ட எத்தனை நிமிஷம் பேசினாங்க, எல்லாம் வந்து நிக்கும். என்ன பேசினாங்கங்கிறது மட்டும் வராது. அந்தக் குறையை இவரே கற்பனையில நிவர்த்தி பண்ணிக்குவாரு. வாடிக்கையாளர் கேட்காம எதையும் திறக்க மாட்டேன்னு வருஷா வருஷம் கையெழுத்து வேற போட்டுக் கொடுப்பாரு!

"உங்க அண்ணன் நேத்து பல் டாக்டருக்கு மூணு தடவை போன் போட்டிருக்காரே, எந்தப் பல்லு?"ன்னு டீ குடிச்சுக்கிட்டே கேப்பாரு. அண்ணன் என்கிட்டயே சொல்லியிருக்க மாட்டான்.

ஆரம்பத்துல சொந்தக்காரங்களுக்கு ஒரே கொண்டாட்டம். துண்டுச் சீட்டுல நம்பரை எழுதிக்கிட்டு, "இதை மட்டும் கொஞ்சம் பாருங்களேன்"னு பல்லை இளிச்சுக்கிட்டு வருவாங்க. நம்ம நம்பரையும் இவரு பார்ப்பாருன்னு புத்தியில உறைச்சதும் கதை மாறிப்போச்சு. புது ஃபிரிட்ஜ் வாங்கின சேதியைச் சொல்ல எங்க அண்ணன் ரெண்டு பஸ் மாறி நேர்ல வந்தான். என் நாத்தனார் ஒரு ரிங் விட்டா சௌக்கியம், ரெண்டு ரிங் விட்டா கிளம்பி வான்னு என்கிட்ட ஏற்பாடு பண்ணி வச்சா. அதுவும் பதிவாகுமாம். "ரெண்டு ரிங் வந்துச்சே, நீ இன்னும் கிளம்பலையா?"ன்னு ஆபீஸ்ல இருந்து கேக்கறாரு. தலையில அடிச்சுக்கிட்டேன்.

இப்படி இருக்கறப்ப எங்க மக, ஒரே மக, ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பார்க்கறவ, ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேஜையில விஷயத்தைப் போட்டு உடைச்சா. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கற ஒரு பையனைப் பிடிச்சிருக்காம்.

"உன் இஷ்டம்தாம்மா என் இஷ்டம்"னு உருகினாரு. நானும் நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

மறுநாள் சாயங்காலம் பேயறைஞ்ச மாதிரி வந்தாரு. "அந்தப் பையன் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே நம்பரோட நாப்பது நிமிஷம் பேசறான்."

"யாரு நம்பராம்?"

"என் பேரு போட்டிருக்கு."

"பேசினீங்களா?"

"நான் ஏண்டி பேசறேன்? அவன் முகத்தைக் கூடப் பார்த்ததில்லை! ஆனா பதிவுல இருக்கே!"

எனக்குச் சட்டுனு புரிஞ்சு போச்சு. ஊழியர்களுக்குச் சலுகைன்னு வீட்டுல இருக்கற அஞ்சு கனெக்‌ஷனையும் இவரு பேர்லயேதான் வாங்கியிருக்கோம். அஞ்சாவதை எனக்குக் கொடுத்துட்டு இவரே மறந்துட்டாரு. "என் நம்பரை அப்பா பார்க்கறாரும்மா"ன்னு மக கண்ணைக் கசக்கினதால, நான்தான் அதைத் தூக்கி அவகிட்ட கொடுத்தேன். தினம் ஆறு மணிக்கு மொட்டை மாடியில கொடித்துணிக்கு நடுவுல நின்னு பேசுவா.

"ஏங்க, அது வந்து..."

"நீ சும்மா இரு. என் பேர்ல எவனோ போலி கனெக்‌ஷன் எடுத்திருக்கான். இதை விடப்போறதில்லை."

காலையில முதல் வேலையா கம்பெனியோட கண்காணிப்புப் பிரிவுல புகார் கொடுத்துட்டாரு. அந்தப் படிவத்துல ஒரு கேள்வி: இதை எப்படி அறிந்தீர்கள்? இந்த மகானுபாவன் குண்டு குண்டா எழுதியிருக்காரு: "பையனின் கணக்கைத் திறந்து பார்த்தபோது." அட ராமா! எந்த மனுஷனாவது இப்படி எழுதுவானா?

அவ்வளவுதான். போலின்னு இவரு சொன்னது எங்க வீட்டு அஞ்சாவது கனெக்‌ஷன்தான்னு ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டு, இவரு யார் யாரு கணக்கைத் திறந்தாருன்னு மொத்தப் பட்டியலையும் எடுத்துட்டாங்க. பட்டியல்ல இருந்த ஒவ்வொருத்தருக்கும் கடிதம் போச்சு. உங்க விவரத்தை எங்க ஊழியர் ஒருத்தர் அனுமதியில்லாம இத்தனை தடவை பார்த்திருக்காரு, புகார் உண்டா இல்லையான்னு கேட்டு. ஒருத்தர் உண்டுன்னு டிக் அடிச்சாலும் வேலை போயிடும். ஒருத்தரும் அடிக்கலைன்னா எச்சரிக்கையோட விட்டுடுவாங்க.

நான் வீடு வீடா ஏறி இறங்கினேன். அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, புகார் இல்லைன்னு போட்டான். நாத்தனாரும் மத்தவங்களும் அப்படியே போட்டாங்க. கண்ணாடிக் கடைப் பையன், பாவம், நாங்க கேக்கறதுக்கு முந்தியே போட்டு அனுப்பிட்டான். கடைசியா ஒரே ஒரு கடிதம்தான் பாக்கி. அது எங்க வீட்டுக்கு, இவரு பேருக்கே வந்துச்சு. மக நம்பருக்கானது, அதுவும் இவரு பேர்லதானே இருக்கு. பதினோரு மாசத்துல முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை.

மனுஷன் குதிக்காத குறை. "நானே வாடிக்கையாளர், நானே ஊழியர்! என் மேல நானே புகார் கொடுப்பேனா? பேனாவைக் கொண்டா!"

மக அந்தக் கடிதத்தை வாங்கிப் படிச்சா. அழுவான்னு நினைச்சேன், அழலை.

"முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை என்னப்பா பார்த்தீங்க?"

"நீ நல்லா இருக்கியான்னுதாம்மா..."

"அது அதுல தெரியுமா?"

மக போனை மேஜை மேல வச்சா. "இந்தாங்க, உங்க பேர்ல இருக்கறது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் புது நம்பர் வாங்கிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா மட்டும் அதுல கூப்பிட்டா போதும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

நியாயம் அவ பக்கம்தான். ஆனாலும் வேலைன்னு ஒண்ணு இருக்கே! ஓய்வு பெற இன்னும் எட்டு வருஷம். "அவ கோவம் நாலு நாள்ல ஆறிடும், நீங்க இல்லைன்னு போடுங்க"ன்னு கத்தினேன். அவ வச்சுட்டுப் போன போனை ஒரு தரம் புரட்டிப் பார்த்தாரு. அப்புறம் உண்டுன்னு டிக் அடிச்சாரு! நான் பிடுங்கறதுக்குள்ள கீழே விவரம்னு இருந்த கட்டத்துல எழுதியும் முடிச்சுட்டாரு: "இந்த ஊழியர் என் மகளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை."

பத்தே நாள்ல ஒரே தபால்ல ரெண்டு கவர் வந்துச்சு. ஒண்ணுல இவரை வேலையை விட்டு நீக்கியாச்சுன்னு இருந்துச்சு. இன்னொண்ணுல, "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். தவறு செய்த ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டார். எங்கள் சேவையில் தொடர்ந்து நம்பிக்கை வையுங்கள்"னு இருந்துச்சு. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. சிரிப்பும் வந்து தொலைச்சுது.

மக ரெண்டையும் படிச்சா. மடிச்சு மேஜை மேல வச்சா.

"அப்பா, எழுதிக்கோங்க"ன்னு புது நம்பரை ஒவ்வொரு எண்ணா சொன்னா. அந்தக் கவர் மேலயே எழுதிக்கிட்டாரு. "சரியா இருக்கான்னு போட்டுப் பாருங்க"ன்னா.

போட்டாரு. எதிர்ல நின்னுக்கிட்டே எடுத்தா. "சொல்லுங்கப்பா."

இவரு அவளையே பார்த்துக்கிட்டு, "எப்படிம்மா இருக்கே?"ன்னாரு.

"பயமா இருக்குப்பா"ன்னா மக. "புது வீடு, புது மனுஷங்க. நினைச்சாலே கையெல்லாம் சில்லுனு ஆயிடுது."

போனைக் காதுல வச்சபடியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. "எதை நினைச்சும்மா?"ன்னு கேட்டாரு.