முரசுமோட்டைச் சந்தியில் ஒட்ட வேண்டிய அறிவித்தல்

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய இரும்புப் பெட்டகத்தின்மேல் எங்கள் முகாமையாளர் அமர்ந்திருந்த காட்சியே முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூற்றாறில் போருக்கு அஞ்சிக் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்தபோது, அந்த அம்மையார் தம் வீட்டுப் பொருள்களைக் கைவிட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் மக்கள் அடகு வைத்திருந்த நகைகளை ஏற்றிக்கொண்டார். அக்கராயன் பாதையின் பள்ளங்களில் பெட்டகத்தோடு சேர்ந்து குலுங்கினார், இறங்கவில்லை. சங்கத்தில் நகை மதிப்பிடும் பணி என்னுடையது. சைக்கிளில் பின்தொடர்ந்த என்னிடம், “என்ன தம்பி, தேரிலை போற அம்மன் மாதிரி இருக்கிறனோ?” என்றார். “ஓம் அக்கா, புழுதி அபிசேகமும் நடக்குது” என்றேன். அத்தனை பேர் அழுதுகொண்டு நடந்த பாதையில் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்நகைகள் பெரும்பாலும் முரசுமோட்டை உழவர்களுடையவை. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கடன்பெற அடகு வைத்தவை. ஒவ்வொன்றையும் உரியவர் கண்முன்னே துணிப்பையிலிட்டு, அரக்கு முத்திரை வைப்போம். பெட்டகத்துக்குத் திறப்புகள், அதாவது சாவிகள், இரண்டு. ஒன்று முகாமையாளரிடம், மற்றது சங்கத் தலைவரிடம். இரண்டும் சேர்ந்தாலன்றிக் கதவு திறவாது. தவணை கடந்தால் அடகு வைத்தவரின் ஊரில் அறிவித்தல் ஒட்டி, அதன் பின்னரே ஏலம் கூறலாம். கடன் கொடுத்தவனுக்குப் பாதுகாப்பும் வாங்கியவனுக்குக் காப்பும் ஒருங்கே அமைந்த ஒழுங்கு அது. முதற்பாதியை எல்லாரும் அறிவர். மறுபாதியை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

அக்கராயனில் ஓலைக்கொட்டில் ஒன்றில் சங்கம் மீண்டும் இயங்கத் தொடங்கிய சில மாதங்களில் தவணைகள் கடந்தன. விளைச்சலை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் எதைக்கொண்டு மீட்பார்கள்? ஒருநாள் தலைவர், நகைக் கடைக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். யாரிடமும் பணமில்லாத காலத்தில் ஏலம் வைத்தால், அந்த ஒருவர் கேட்கும் விலைதான் விலை. அரைவிலைக்கும் போகாது.

“தவணை கடந்ததை வித்தால்தானே பிள்ளை, வைப்புப் போட்ட சனத்துக்குக் காசு குடுக்கலாம்? சட்டத்திலை இடமிருக்கு” என்றார் தலைவர். அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. வைப்பிட்டவர்களும் மரத்தடியில்தான் கிடந்தார்கள்.

“ஓம் ஐயா, இருக்கு. அறிவித்தலை அவையின்ரை ஊரிலை ஒட்ட வேணும் எண்டும் அதிலைதான் இருக்கு. முரசுமோட்டைச் சந்தியிலை போய் ஒட்டிப்போட்டு வாங்கோ. பசையை நான் காய்ச்சித் தாறன்” என்றார் முகாமையாளர்.

எறிகணை விழும் அச்சந்தியில் அப்போது காகமும் தங்குவதில்லை. கடைக்காரர் தம்மை மறந்து சிரித்துவிட்டார்.

“என்ன, பகிடி விடுறீரோ?” என்று தலைவர் சினந்தார்.

“மா விக்கிற விலைக்கு ஆரும் பகிடிக்குப் பசை காய்ச்சுவினமோ ஐயா?”

“திறப்பைத் தாரும்.”

“என்னை வேலையாலை நிப்பாட்டிப்போட்டுக் கேளுங்கோ. அதுவரைக்கும் இது என்ரை இடுப்பிலைதான் இருக்கும்.”

அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை; அப்பெட்டகத்தின் பொறுப்பை ஏற்க வேறெவரும் முன்வரவில்லை. சம்பள உயர்வை மட்டும் மறுத்தார்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், அவர் எழுதவில்லை. மறுநாளே என்னைச் சைக்கிளில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பள்ளிக்கூடங்களுக்கும் காட்டோரக் குடிசைகளுக்கும் அனுப்பினார். வட்டியில் ஒரு பங்கையேனும் கட்டித் தவணையைப் புதுப்பிக்கலாம் என்பதே நான் கொண்டுசென்ற செய்தி. மக்கள் வந்தார்கள். கூலிக்கு அருவி வெட்டி நெல்லறுத்தவர்கள், விறகு கட்டி விற்றவர்கள், சிறுகச் சிறுகச் செலுத்தினார்கள். வைப்பிட்டவர்களுக்கும் அவ்வாறே, தாமதமாக ஆனாலும், பணம் திரும்பிச் சென்றது.

அவர் திறப்பைக் கொடாததைக் கடமை தவறிய செயல் என்று சங்க ஏட்டில் எழுதியவர்கள் எழுதியபடியே இருக்கட்டும். இன்று எங்கள் ஊரில் குத்தகைக் கடன் நிறுவனத்தின் ஆட்கள், ஒரு தவணை பிந்தினால் வயல் நடுவே வந்து உழவு இயந்திரத்தைக் கொண்டுபோகிறார்கள். அதைத் திறமை என்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். திறமை எது என்பதை நான் அந்த ஓலைக்கொட்டிலில் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மலைநாட்டிலிருந்து வந்து முரசுமோட்டையில் குடியேறிய பெண்ணொருத்தி ஒருநாள் கடனை முழுவதும் தீர்த்தாள். முத்திரையை உடைத்து அவளுடைய சங்கிலியை முகாமையாளர் எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றினாள். பின்பு மேசைமீதே திருப்பி வைத்தாள்.

“கடன்தான் தீந்துபோச்சுங்களே அக்கா. இத நாங்க இருக்கிற கொட்டில்ல கொண்டுபோயி எங்க வைக்கிறது? நீங்களே வச்சிருங்க.”

“அடகுமில்லாமல் கடனுமில்லாமல் நான் எப்பிடி வைச்சிருக்கிறது? அப்ப, வட்டியை நான் உமக்குக் கட்டவோ?”

அவள் சிரித்தபடி வாசலைக் கடந்து போய்விட்டாள். முகாமையாளர் சங்கிலியை மீண்டும் துணிப்பையில் இட்டார். பிறகு என்னை நோக்கி, “அரக்கை உருக்கும் தம்பி” என்றார்.